தொட்டிலுக்கு விட்ட இடம்

ஆண்கள் வார்டில் என்னோடு ஆயா வேலை பார்ப்பவளை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். அவளும் கோபப்படாமல் திரும்புவாள். அலமாரியின் மேல் தட்டில் போர்வை எடுக்க நாங்கள் முக்காலி தேடுவோம், அவள் கையை நீட்டினாலே போதும். அதிகம் பேசமாட்டாள். வேலையில் மட்டும் அவளுக்கு ஈடு கிடையாது. அவள் விரித்த படுக்கையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது.

தாய் தகப்பன் முகம் அறியாதவள். விடுதியில் வளர்ந்தாள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் ஒரு நல்ல மனிதனுக்கு வாழ்க்கைப்பட்டாள். வருஷங்கள் ஓடின, குழந்தை இல்லை. நான் முழங்கால் போட்டு வேண்டாத நாள் இல்லை. இனி இல்லை என்று எல்லோரும் விட்டுவிட்ட பிறகு, கடவுள் கண் திறந்தார்.

மாதம் ஏறியதும் அவளுக்கு ஒரு கவலை வந்தது. இன்னது வாங்கு, இன்னது வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு அம்மா இல்லையே. துணி மடிக்கும் அறையில் எங்களைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, குழந்தை வர்றதுக்கு முன்னாடி வீட்ல என்னென்ன இருக்கணும்?"

தரை துடைக்கும் பினாயில் அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "பால் உங்கிட்ட இருக்கு. மடி உங்கிட்ட இருக்கு. தொடைக்கத் துணி, கழுவத் தண்ணி. வேற என்னடி வேணும்? ராஜா வீட்டுப் பிள்ளையா பொறக்கப் போவுது?"

பெரிய சிஸ்டர் படித்தவர், அன்பானவர். போனில் ஒவ்வொன்றாகக் காட்டினார். பால் சூடாக்கும் மிஷின், குளிப்பாட்டும் நாற்காலி, நடைவண்டி, தானாக ஆடும் ஊஞ்சல். "இதுல படுக்க வச்சுட்டா போதும், அதுவா ஆட்டிவிடும்."

"அதுவா ஆட்டிவிட்டா ஆத்தா எதுக்கு சிஸ்டர்?" என்றாள் பினாயில் அக்கா. "அவளைக் குடுத்துட்டு இன்னொரு மிஷின் வாங்கிடலாமே."

சிஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நெட்டை மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டாள். "இது இல்லாட்டி குழந்தைக்கு என்ன ஆகும்?" ஒன்றும் ஆகாது என்று பதில் வந்தால் அந்தச் சாமானை விட்டுவிடுவாள். தலையணை வேண்டாம், அது ஆபத்தும்கூட என்று சிஸ்டரே சொன்னார். நடைவண்டி வேண்டாம், மாடிப்படி வீடு. சின்ன ஷூ ஒன்று அழகாக இருந்தது. "நடக்கத் தெரியாத காலுக்கு எதுக்கு" என்று அதையும் தள்ளினாள். மிஞ்சியது பழைய பருத்தித் துணிகள், ரப்பர் ஷீட், மூடி போட்ட வாளி, மெத்தென்ற துண்டு, கொசுவலை, காய்ச்சல் பார்க்கும் குழாய், நகவெட்டி. அதோடு ஒரு தொட்டில். நாலு பக்கமும் கம்பு அடித்த மரத்தொட்டில்.

"தொட்டில் எதுக்குடி? பக்கத்துல போட்டுக்கிட்டா ஆச்சு" என்றாள் பினாயில் அக்கா.

நெட்டை மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "அந்தத் துண்டு ஞாபகம் இல்லையாக்கா?"

எங்களுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு விடிகாலை அவசரப் பிரிவு வாசலுக்குப் புருஷனும் பெண்டாட்டியும் ஓடி வந்தார்கள். அந்தத் தாயின் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. கையில் ஒரு துண்டு, துண்டுக்குள் குழந்தை. வேலை முடிந்து வந்த அசதியில் பால் கொடுத்தபடியே தூங்கியிருக்கிறாள், தூக்கத்தில் புரண்டிருக்கிறாள். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த வாசலில் நின்றிருந்த நெட்டையின் கையில்தான் அந்தத் துண்டைக் கொடுத்தார்கள்.

"நான் படுத்தா கட்டை மாதிரிக்கா. அவரு எழுப்பி, தண்ணி தெளிச்சு, அப்புறம்தான் எந்திரிப்பேன். எனக்குப் பக்கத்துல குழந்தை படுக்கக் கூடாது. கைக்கெட்டுற தூரத்துல, ஆனா தனியா படுக்கணும்."

பினாயில் அக்கா அவள் கீழே வைத்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

அவள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இதை வைத்து அவள் மாமனார் மகனைக் கிண்டல் செய்யாத நாள் இருக்காது. "ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டுறான், பொண்டாட்டிய மட்டும் படியேற வைக்கிறான்" என்பார். அந்த மகன் ஒரு நாள் ஆசை ஆசையாகக் குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் வண்டி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு மேலே வந்தான். முகமெல்லாம் வேர்வை.

"இது எங்கடா ஓடும்? சமையல் ரூம்ல இருந்து கக்கூஸ் வரைக்கும் ஒரு ட்ரிப்பா?" என்றார் கிழவர்.

"கீழ எறக்கித் தள்ளலாம்ப்பா."

"அப்ப வண்டியத் தூக்க ஒரு ஆளு, பிள்ளையத் தூக்க ஒரு ஆளு. நல்ல வண்டி. நாம அதுக்கு வண்டி."

மறுநாளே அவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மாமனார் பஸ் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மாதக்கணக்கில் எங்கள் வார்டில்தான் கிடந்தார். வாய் கொஞ்சம் குழறும், பேச்சு மட்டும் குறையாது. எங்கள் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் 'செத்துப்போனார்' என்று சொல்லமாட்டோம், மற்ற நோயாளிகள் காதில் விழுமே. ஆள் போனதும் விரிப்பை உருவிவிட்டு, மெத்தையைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு இரண்டாக மடித்து, அதன்மேல் உறை கழற்றிய தலையணையை நிறுத்தி, கட்டில் கம்பிகளைப் பினாயில் தண்ணீரால் துடைத்துவிடுவோம். "மடிச்சாச்சு" என்றால் எங்களுக்குப் புரியும். நோயாளிகளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்வோம். அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? கிழவர் வந்த வாரமே கண்டுபிடித்துவிட்டார். பக்கத்துக் கட்டில், எதிர்க்கட்டில், மூலைக்கட்டில் என்று மடித்ததையெல்லாம் பார்த்தவர். "என் மெத்தைய மடிக்கறதுக்கு முன்னாடி ஒரு விசில் குடுங்கம்மா, நானே எறங்கிக்கிறேன்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கம்பியைப் பிடித்த வலது கையை மட்டும் எடுக்கமாட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியபோது, மகள் வீட்டுக்குப் போவதா மகன் வீட்டுக்கு வருவதா என்று பேச்சு வந்தது. நெட்டை யாரையும் கேட்கவில்லை. "நம்ம வீட்டுக்குத்தான் மாமா" என்று சொல்லிக் கூட்டிவந்துவிட்டாள். முன்னறையில் ஜன்னலோரம் இரும்புக்கட்டில் போட்டாள். கீழே பஸ் போகும் சாலை. அவர் படுத்தபடியே "இன்னைக்கு லேட்டு", "டிரைவர் புதுசு போல, பிரேக் போடத் தெரியல" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவள் அவரை வேளை தவறாமல் புரட்டிப் படுக்க வைப்பாள், முதுகில் பவுடர் போடுவாள். படுக்கைப்புண் என்பது அவர் உடம்பில் கிடையாது.

இப்போது தொட்டிலுக்கு இடம் வேண்டும். உள்ளறைச் சுவரில் நீர் கசிந்து பூஞ்சை படர்ந்திருந்தது. அங்கே பச்சைக் குழந்தை ஆகாது, கிழவர் நெஞ்சுக்கும் ஆகாது. முன்னறையில் காற்று வரும் இடம் ஜன்னலோரம் மட்டும்தான்.

"அப்பா கொஞ்ச நாள் அக்கா வீட்ல இருக்கட்டுமே" என்று புருஷன் தயங்கித் தயங்கிச் சொன்னான். தூளி கட்டலாம் என்றாலும், அந்த வீட்டுக் கூரைப் பலகை ஒரு கொக்கியைக்கூடத் தாங்காது என்று அவனுக்கே தெரியும்.

"மாமா எங்கயும் போகல" என்றாள் அவள். "அவர் கட்டில அந்தப் பக்கச் சுவரோட ஒட்டினா ஜன்னலோரம் தொட்டில் நுழையும். ராத்திரி நான் தொட்டிலுக்கு இந்தப் பக்கம் கீழ படுத்துக்குவேன்."

கிழவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பாப்பா அழுது நீ எந்திரிக்கலைன்னா நான் கூவுறேன். ஆயுசு பூரா பஸ்ல கூவுன தொண்டைம்மா இது. தூக்கம் எனக்கு எப்படியும் வர்றதில்ல. உன் சாமானோட என்னையும் ஒண்ணா சேத்துக்க."

"நீங்கதான் மாமா முதல் சாமான்" என்றாள் நெட்டை.

அவள் பேறுகால விடுப்பில் இருந்தபோது தொட்டில் வந்து இறங்கியது. அன்று எனக்கு வேலை இல்லாத நாள் என்பதால் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். புருஷன் வேலைக்குப் போய்விட்டான். தொட்டில் கொண்டுவந்த ஆட்கள் கட்டிலை நகர்த்தட்டும் என்று கிழவரைச் சமையலறையில் நாற்காலியில் உட்காரவைத்து, காபி கொடுத்து, நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

"பாப்பாவுக்கு வாங்கின நகவெட்டி. எனக்குத்தான் முதல் போணி" என்று சிரித்தார்.

"பாப்பா வந்ததும் உங்களுக்குக் கிடைக்காது. இப்பவே வெட்டிக்குங்க."

சிறிது நேரத்தில் மூக்கை உறிஞ்சினார். "என்னம்மா, ஆஸ்பத்திரி வாசம் வருது?"

எனக்கும் வந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இருபத்துநாலு மணி நேரமும் அந்த வாசத்திலேயே கிடப்பவளுக்கு அது வாசமாகவே தெரியாது. கிழவர் நாலு கால் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் அக்குளில் கை கொடுத்தேன். முன்னறை வாசல் வரை மெல்ல வந்தோம்.

நெட்டை எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். ஆட்கள் கட்டிலைச் சுவரோடு ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஜன்னலோரம் புதுத் தொட்டில், வார்னிஷ் பளபளத்தது. கட்டிலில் விரிப்பு இல்லை. மெத்தை தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு இரண்டாக மடிந்திருந்தது. அதன்மேல் உறை கழற்றிய தலையணை நிமிர்ந்து நின்றது. அவள் பினாயில் நனைத்த துணியால் கட்டிலின் கடைசிக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலைப் பிடித்து நகர்த்த வாகாக இருக்கட்டும் என்று மெத்தையை மடித்திருக்கிறாள், அவ்வளவுதான். மடித்த கை நிற்கவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது என்று கை பாட்டுக்கு வார்டில் செய்வதையெல்லாம் செய்துவிட்டது.

"மடிச்சாச்சா?" என்றார் கிழவர்.

அவள் திரும்பினாள். முதலில் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவர் பார்வை போன பக்கம் பார்த்தாள். பிறகு தன் கையில் இருந்த துணியைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

"ஐயோ மாமா! இல்ல மாமா, தொட்டில் நுழையுதான்னு பாக்கத்தான்..." மெத்தையைப் பிடித்து இழுத்தாள். நிறைமாத வயிறு குனியவிடவில்லை. விரிப்பின் நுனி கைக்கு அகப்படவில்லை. "மறந்துபோய்ச் செஞ்சுட்டேன் மாமா. கை பாட்டுக்கு..."

"விடும்மா. வயித்த வச்சுக்கிட்டுக் குனியாத" என்றார். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை.

நான் படுக்கையை விரித்தேன். வாங்க, வந்து படுங்க என்றேன். அவர் சமையலறை நாற்காலிக்கே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். மகன் வேலை முடிந்து வரும் வரை எழுந்திருக்கவில்லை. முதுகு வலிக்கும் மாமா என்று அவள் கெஞ்சியதற்கு, "பஸ்ல நின்னே கெடந்தவன், உக்காந்தா என்ன வலி" என்றார். மகன்தான் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தான்.

அதன் பிறகு பஸ்ஸைப் பற்றி அவர் பேசவில்லை. அவள் புரட்டிவிடப் போனால் உடம்பை விறைத்துக்கொண்டார். சாப்பாடு கொடுத்தால் "வைம்மா" என்பார். அது ஆறிப்போகும். நான் அடுத்த முறை போனபோது மகனும் வீட்டில் இருந்தான். கிழவர் எல்லோரையும் வைத்துக்கொண்டே சொன்னார்.

"தம்பி, என்னை உங்கக்கா வீட்ல விட்டுரு."

நெட்டை தரையில் உட்கார்ந்து துவைத்து உலர்த்திய குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த துணியை மடியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "என் மேல கோபமா மாமா? ரெண்டு அடி அடிச்சிருங்க. போறேன்னு சொல்லாதீங்க."

"கோபம் இல்லம்மா. நீ நெனச்சு செஞ்சிருந்தா கோபம் வந்திருக்கும், சண்டை போட்டிருப்பேன். நீ நெனைக்கல. கை செஞ்சிருக்கு. எத்தனையோ பேருக்குச் செஞ்ச கை, அதுக்குக் கணக்கு தப்பாது. இந்த எடம் காலியாகப் போவுதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

"அப்படியெல்லாம் இல்லப்பா" என்றான் மகன்.

"உனக்குத் தெரியாதுடா. நான் பாத்திருக்கேன்." சற்று நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "கண்ண மூடினா அந்தத் துணி கம்பிய தொடைக்கிற சத்தம் கேக்குது. பயம்மா இருக்கு. ஆம்பளை சொல்லக் கூடாது, சொல்றேன்."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆயுசு கடவுள் கையில் இருக்கிறது, ஆயா கையில் இல்லை என்று சொன்னேன். தலையை ஆட்டினார். கடவுளை அவர் பார்த்ததில்லை, ஆயாக்களைப் பார்த்திருக்கிறார். நான் என்ன சொல்லி நம்பவைக்க முடியும்?

லிஃப்ட் வேலைக்காரர்கள் நாலு பேர் வந்து அவரை நாற்காலியோடு படிகளில் இறக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் ஜனங்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். "எறங்குறவங்களுக்கு வழி விடுங்க" என்று அவர்களிடம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டே போனார். நெட்டை மேல்படியில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். கீழே வர வேண்டாம் என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண். தாயும் சேயும் பிழைத்து வந்ததற்கு நான் விளக்கேற்றி நன்றி சொன்னேன். வாங்கிய சாமான் எல்லாம் சரியாகவே இருந்தது. ஒன்று அதிகம் இல்லை, ஒன்று குறைவில்லை. ஜன்னலோரம் காற்று வரும் இடத்தில் தொட்டிலில் குழந்தை நிம்மதியாகத் தூங்கியது. நெட்டைதான் தூங்கவில்லை. கட்டை மாதிரி கிடப்பேன் என்றவள் குழந்தை கையை அசைத்தால் விழித்துக்கொண்டாள், அசைக்காவிட்டாலும் விழித்துக்கொண்டாள். "பக்கத்துலயே போட்டிருக்கலாம் போலக்கா. தொட்டிலே வேண்டியிருந்திருக்காது" என்றாள் ஒரு நாள். சுவரோடு ஒட்டிய இரும்புக்கட்டிலில் யாரும் உட்காருவதில்லை. துணிகூட வைக்கமாட்டாள்.

உடம்பு தேறியதும் வாரத்துக்கு ஒரு முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். முடிந்தபோது நானும் கூடப் போவேன். கிழவரைத் திரும்ப அழைத்து வருவதுதான் அவள் எண்ணம். நாத்தனார் நல்லவள், ஆனால் வேலைக்குப் போகிறவள். பகலில் புரட்டிவிட ஆள் இல்லை. இடுப்பில் புண் விழுந்துவிட்டது. நெட்டை போன உடனே அதைக் கழுவி மருந்து போடுவாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருப்பார். வலி என்றுதான் நினைத்தோம். முடிந்ததும் பேத்தியை நெஞ்சில் படுக்க வைப்போம். வலது கையால் அணைத்துக்கொள்வார், அப்போது மட்டும் முகம் மலரும். "வீட்டுக்கு வாங்க மாமா" என்று அவள் சொல்வாள். "அடுத்த மாசம் பாப்போம்" என்பார்.

கடைசியாகப் போனபோதும் நான் கூட இருந்தேன். கிளம்பும்போது நாத்தனார் எங்களைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். பாத்திரத்தைத் துடைத்தபடி, முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"தப்பா நெனைக்காதம்மா. நீ வந்துட்டுப் போனா அன்னைக்கு ராத்திரி பூரா அவர் தூங்கறதில்ல. அவ எங்க, போயிட்டாளா, போயிட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. கட்டில் கம்பிய விடவே மாட்டேங்கிறாரு. காலையில கை வீங்கிக் கெடக்கு."

நெட்டை குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"கொஞ்ச நாள் வராம இரும்மா. பாப்பாவ வேணா தம்பி தூக்கிட்டு வரட்டும்."

"புண்ணு யார் கழுவுவா அண்ணி?"

"நான் பாத்துக்கறேன்."

"காலையில ஒரு தடவ, சாயந்திரம் ஒரு தடவ. பஞ்சை அழுத்தக் கூடாது. கழுவினதும் ஈரம் இல்லாம ஒத்தி எடுக்கணும்."

"சரிம்மா."

பஸ் நிறுத்தத்துக்கு வந்து பலகையில் உட்கார்ந்தோம். எங்கள் பஸ் வந்தது, அவள் எழவில்லை. நானும் எழவில்லை. என் மனசுக்குள் வேண்டிக்கொள்ளப் பார்த்தேன். கிழவர் பயம் தீர வேண்டும் என்று கேட்பதா, இவள் பாரம் இறங்க வேண்டும் என்று கேட்பதா, எதை முதலில் கேட்பது என்று தெரியாமல் கடவுளே, கடவுளே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குழந்தைக்குப் பசி எடுத்து அழுதது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பால் கொடுத்தாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. இன்னொரு பஸ்ஸும் போயிற்று. குழந்தை குடித்தபடியே தூங்கிப்போனது. வெயில் பலகைக்கு வந்துவிட்டது. அவள் கையில் படுத்திருந்த அந்தச் சின்ன முகத்தில் விழாமல் நான் குடையைப் பிடித்தேன்.

"தூங்கிருச்சுக்கா" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எந்திரிக்கலாம். கையிலயே வச்சிருக்கக் கூடாது, தொட்டில்ல போடணும்."